புளி போட்டுத் தேய்ச்ச தோட்டா

1997 அக்டோபர், ஞாயிறு ராத்திரி. ஹூஸ்டன்.

துப்பாக்கின்னாலே முகம் சுளிக்கிற என் மனைவி மைதிலி, வியாழக்கிழமை குத்துவிளக்கோட என் காலித் தோட்டாக் கூடுகளையும் புளி போட்டுத் தேய்ச்சு வச்சிருந்தா. தங்கமா மின்னுச்சு. அந்த சந்தோஷத்துல, உள்ள ஈரம் காஞ்சுதான்னு பாக்காம, அன்னைக்கே வெடிமருந்தும் குண்டும் அடைச்சு மறுபடி தோட்டாவாக்கிட்டேன்.

இன்னைக்குத் துப்பாக்கி சுடுற போட்டியில அதுல ஒண்ணு சரியா வெடிக்காம "புஸ்"ஸுன்னுது. காதை மூடியிருந்ததுல எல்லாமே தண்ணிக்கடியில நடக்கிற மாதிரி இருந்துச்சு. அடுத்ததைச் சுடப் போனேன். பக்கத்துல நின்ன பெரியவர் "ஸ்டாப்!"னு கத்தினார். மருந்து நமுத்துப்போய், குண்டு வெளிய வராம குழலுக்குள்ளயே சிக்கியிருந்துச்சு. சுட்டிருந்தா ரிவால்வர் கையிலேயே வெடிச்சிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும், "என்னங்க, பளபளன்னு இருக்குன்னு யாராவது சொன்னாங்களா?"ன்னா.

"எல்லாரும் வந்து பாத்தாங்க"ன்னேன். பொய் இல்ல.

"இனிமே நானே தேய்ச்சுத் தரேன்."

"தேய். ஆனா ரெண்டு நாள் வெயில்ல காயணும்."

"வடாம் மாதிரியா?" சிரிச்சா.

இப்ப பக்கத்துல நிம்மதியா தூங்கறா. சமையல் ரூம்ல இன்னைக்குக் கொண்டுவந்த கூடுகள் புளித்தண்ணியில ஊறுது. எனக்கும் கண்ணு சொக்குது. விசையை இழுக்கப் போன ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் தானா மடங்குது.