கூரைமேல் போட்ட பல்

ஆகஸ்ட் 6, புதன்

நெஸ்டரும் நானும் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தோம். அவர் பிறந்த பிலிப்பைன்ஸிலும் இதே கீரைதான், கோழிக் குழம்பில் போடுவார்களாம். தங்கை ஏஞ்சலின் அமெரிக்காவில், சான் டியாகோவில் நர்ஸாக இருந்தபோது கட்டிக்கொண்ட மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன் இருவரும் கும்மிடிப்பூண்டிக்கே வந்து என்னோடு தங்கிவிட்டார்கள். பள்ளியை விட்டு ஓய்வு பெற்றபின் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவளுக்குக் கர்த்தர் ஆள் அனுப்பினார் என்றுதான் சொல்வேன்.

என்னை ‘ஆத்தே’ என்கிறார். அவர் மொழியில் அக்கா.

இன்று கீரை வாயில் பட்டதும் முகம் சுளித்தார். முன்பல் ஆடுகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஈறு வீங்கிவிட்டது. பல் டாக்டர் பூமிகா என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவள். “எடுத்துத்தான் ஆகணும் டீச்சர். சுகர் வேற இருக்கு, சீழ் பரவினா பெரிய ஆபத்து.”

நெஸ்டர் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். டிரம்பெட் ஊதுகிறவருக்கு முன்பல் என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மரத்தச்சனிடம் கட்டைவிரலைக் கேட்ட மாதிரி.

ஆகஸ்ட் 9, சனி

இரவு ஜுரம். ஏஞ்சலின் அழுதாள். அதற்குத்தான் இணங்கினார், வலிக்கு அல்ல.

பூமிகாவின் கிளினிக்கில் காத்திருந்தபோது அந்தப் பல்லின் கதையைச் சொன்னார். பத்தொன்பது வயதில் அமெரிக்கக் கப்பற்படையில் சேர்ந்தார். அந்த நாளில் பிலிப்பைன்ஸ் பையன் என்றால் அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறும் வேலைதான். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து ஊதிப் பழகியபோது கப்பல் ஒரு பக்கம் சாய, டிரம்பெட் இடித்துப் பல்லின் ஓரம் பெயர்ந்தது. அந்தச் சந்து வழியே காற்று புதுவிதமாகப் போனது. எட்டாத சுரமெல்லாம் எட்டியது. பேண்டுக்கு ஆள் எடுத்தபோது தேறிவிட்டார். அதன்பின் ஓய்வு பெறும்வரை தட்டு ஏந்தவில்லை.

பிடுங்கிய பல்லைப் பஞ்சில் சுற்றிக் கேட்டு வாங்கினார். மொட்டை மாடியில் ஏறி, பக்கத்து வீட்டுச் செல்வியின் ஷீட் கூரைமேல் வீசினார். சின்ன வயதில் அவர் அம்மா செய்ததாம். எலி புதுப்பல் கொண்டுவருமாம். நாங்களும் சாண உருண்டையில் வைத்து எறிவோம் என்றேன். வீங்கிய வாயோடு சிரித்தார்.

“எழுபது வயசுக்கு எந்த எலி வரும்?” என்றாள் ஏஞ்சலின்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பல் கட்டியாயிற்று. நானும் ஏஞ்சலினும் சொல்லிவைத்தபடி நேராக, அழகாக. அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

மாலை ஆறு மணிக்கு மாடிக்குப் போனார். கப்பலில் சூரியன் மறையும்போது கொடி இறக்க ஊதுவார்கள். அந்தப் பழக்கத்தை இங்கேயும் விடவில்லை. ஊதினார் — வெறும் காற்று. மறுபடியும். காற்று.

புல்லாங்குழலில் ஓட்டை இருக்கிறதே என்று மெழுகு வைத்து அடைத்த கதையாகிவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

பழைய பல் இருந்தால் அதே அச்சில் செய்யலாம் என்றாள் பூமிகா. செல்வியின் புருஷன் கூரையில் ஏறித் தேடினார். ஒரு பந்தும் ஒற்றைச் செருப்பும் கிடைத்தன.

செல்விதான், இவர்கள் வந்த முதல் வாரம் சண்டைக்கு வந்தவள்: “நைட் ஷிஃப்டுக்குப் போற மனுசன் தூங்கிக்கினு கீறாரு, இன்னா டீச்சர் இது ஊதல்?” இன்று அவளே, “மாமா ஊதாம இவரு எந்திரிக்க மாட்டறாரு. இந்த ஒரு மாசத்துல நாலு வாட்டி கம்பெனி பஸ்ஸ வுட்டுட்டாரு.”

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்த நாள். கோயிலில் அவர் ஊதவில்லை. கடைசி பெஞ்சில் இருந்தார்.

சமையலறையில் ஏஞ்சலின், என் முகம் பார்க்காமல்: “அக்கா, அவரு சான் டியாகோவுக்கே போயிடலாங்கறாரு. அங்க பேண்டுக்காரங்களுக்குன்னே டாக்டர் இருக்காராம்.”

“போய்ட்டு வாங்க.”

“போனா இந்த வயசுல திரும்பி வருவமான்னு தெரியலக்கா.”

சரிம்மா என்றேன். ஒரு பல்லுக்காகவா என்று ஒரு கோபம். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த தமிழே எனக்கு மறந்துபோனால் நான் என்ன ஆவேன்? அதையும் யோசித்தேன். இந்த வீட்டில் மறுபடி ஒருத்தியாக… வேண்டாம், இன்று எழுத முடியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

கூடத்தில் ஒட்டடை அடிக்கும்போது அவர்களுடைய கல்யாணப் படம். நெஸ்டர் வாய் நிறையச் சிரிக்கிறார் — பெயர்ந்த ஓரம் பளிச்சென்று தெரிகிறது! இத்தனை நாள் இதன் கீழேதானே காபி குடித்தோம்?

செப்டம்பர் 13, சனி

படத்தைக் கழற்றிக்கொண்டு மூவரும் போனோம். டிரம்பெட்டும் வந்தது.

“நல்ல பல்லை நானே உடைக்கிறதா? எங்க புரொபசர் பாத்தா தொலைச்சிடுவாரு டீச்சர்,” என்றாள் பூமிகா. ஆனாலும் ராவினாள். படத்தைப் பார்ப்பாள், கொஞ்சம் ராவுவாள். அவர் ஊதுவார், தலையை ஆட்டுவார். மறுபடி ராவுவாள். வெளியே தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர், கதவருகே நின்ற என்னிடம், “இன்னாம்மா, உள்ள ஆளு இந்தக் கத்து கத்துறாரு? நான் நாளைக்கி வர்றேன்,” என்று எழுந்தேவிட்டார்.

அப்புறம் அந்த ஒரு சுரம் வந்தது. சுத்தமாக. பூமிகா கருவியைக் கீழே வைத்துவிட்டாள்.

கப்பற்படையில் வீரர்களை அடக்கம் செய்யும்போது ஊதுகிறவர் கல்லறையிலிருந்து தள்ளி, மரத்தடியில் நிற்பாராம். அழுகிறவர் முகத்தைப் பார்த்தால் உதடு நடுங்கிவிடுமாம், நெஸ்டர் சொல்லியிருக்கிறார். இன்று ஏஞ்சலினைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே ஊதினார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சான் டியாகோ பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. ஸ்தோத்திரம்.

அக்டோபர் 22, புதன்

விடாத மழை, சாயங்காலம்தான் விட்டது. செல்வி வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்ள, குத்தி எடுத்திருக்கிறார்கள். உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வந்தாள். “டீச்சர், உங்க ஊட்டுப் பல்லா பாருங்க.”

அதே பல். நெஸ்டர் பெயர்ந்த ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். டிரம்பெட் பெட்டியில் பத்திரமாக வைப்பார் என்று நினைத்தேன். மாடிக்குப் போனார். ஷீட்டில் ‘டக்’கென்று ஒரு சத்தம்.

“அய்ய மாமா! இப்பத்தான எடுத்துக்கினு வந்தேன்!” — கீழே செல்வி.

ஏஞ்சலின் முருங்கைக்கீரையை என் முன்னால் கொட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஆறு மணி இன்னும் ஆகவில்லை. ஆனாலும் மேலே ஊத ஆரம்பித்துவிட்டார்.