உவர் சுழியோடிதான், நிஸார்

என்ரை உயிர் மச்சான் நிஸாருக்கு,

நீ மௌத்தாகி ஒரு வருசமாகப் போகுது. இவ்வளவு நாளும் உன்னோடு மனதுக்குள் கதைத்தது காணும். இன்றைக்கு நாலு பேர் கேட்கக் கதைக்கப் போகிறேன். எனக்குச் சரியான கோபம்.

எங்கடை ஆளைப் பற்றித்தான். உன்ரை வாப்பா கடைக்கு இரும்புச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனபோது, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கி வந்த பிளாஸ்ரிக் பொம்மை. உள்ளங்கை நீளம், வெள்ளிப் பூச்சு, தலையில் கண்ணாடிக் குமிழ், முதுகில் குழாய். முழங்கால் மடியும். பெட்டியுமில்லை, பேருமில்லை. நீ ஒரு பார்வை பார்த்துவிட்டு, “உவர் சுழியோடியடா, சங்கெடுக்கப் போறவர்” என்றாய். தண்ணீருக்குள் போகிறவருக்கு வேறென்ன வேணும்? நானும் ஓமென்றேன்.

எங்கள் கிணற்றடித் தொட்டியில் இறக்கினோம். சுழியோடி மிதந்தார். என்ன மானக்கேடு! நீ தலையைத் திருகிக் கழற்றி, கழுத்துக்குள்ளால் மணலை நிரப்பினாய். பிறகு ஆள் ஒழுங்காக அடியில் போய் நின்றார். தொட்டிக்குள் கிடந்து கிடந்தே வெள்ளிப் பூச்செல்லாம் போனது.

பிறகு தொண்ணூறில், துவக்கோடு வந்த இயக்கக்காரர் முஸ்லிம் சனமென்று உங்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்ன நாள். எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரிந்து ஓடிவந்து, ஆளை என் கையில் வைத்தாய். “இவரைக் காயவிடாதை மச்சான்.” அதற்குமேல் கதைக்க நேரமில்லை. கனகாலம் கழித்துப் புத்தளத்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, சுகம் கேட்க முதல், “ஆள் எங்கை?” என்றாய். எடுத்து நீட்டினேன், நீ வாங்கவில்லை. “உன்னட்டையே நிக்கட்டும். எனக்கெண்டால் போய்வந்து பழக்கம்” என்று சிரித்தாய். நான் ஆளைத் திரும்பத் தொட்டியில் இறக்கினேன்.

இப்போது ஊரில் ஒரு குழு இருக்கிறது. எங்கள் வயதுக்காரர்தான், சின்ன வயதுப் பொம்மைகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள். எல்லாம் ஒருத்தருக்கும் தெரியாத கொம்பனிகளின் பொம்மைகள். நீர்வேலியில் ஒருவர், தன் வாழைத் தோட்டத்து மண்ணைக் கொத்தும்போது கிடைத்த தலையில்லாத மல்யுத்தக்காரனைக் கொண்டுவந்து காட்டிக் கண்கலங்கினார். நல்ல சனம். வாற ஞாயிறு கண்காட்சி வைக்கிறார்கள். அதில் வைக்கச் சொல்லி நானும் எங்கடை ஆளைக் கொண்டுபோனேன்.

தலைவர் இணுவில் மாஸ்ரர் கைபேசியில் இதே பொம்மை பெட்டியோடு இருக்கிற படம் ஒன்றைக் காட்டினார்.

“தம்பி, உது விண்வெளி வீரர். சந்திரனிலை இறங்கிற ஆள்.”

“மாஸ்ரர், உங்கடை ஆள் சந்திரனிலை இறங்கினதை நீங்கள் கண்டனீங்களோ? எங்கடை ஆள் தொட்டிக்குள்ளை இறங்கினதை நான் கண்டனான்.”

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்ரர் சிரிக்கவில்லை. “மணலைக் கொட்டி, வெள்ளி பூசி, சரியான பேரை எழுதினால் மேசையிலை வைக்கலாம். இல்லாட்டி உது குப்பை.”

“அப்ப நிஸாரின்ரை பேரையும் எழுதுவியளோ?”

“அதென்னத்துக்கு? வைச்சிருக்கிறது நீர்தானே.”

அதுதான் மச்சான் எனக்கு ஏறினது. மணலைக் கொட்டினால் உன்ரை கைவேலை போச்சு. பேரை மாற்றினால் நீயே இல்லை. உன்னை இந்த ஊரிலிருந்து ஒருக்கால் வெளியேற்றினது காணாதோ?

நான் இங்கை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் வாளியும் பிளாஸ்ரிக் பேசினும் விற்றுப் பிழைக்கிறவன். கொம்பனி ஒட்டின பேரைச் சொல்லி எவரும் என்னிடம் சாமான் கேட்டதில்லை. “மீன் கழுவுற பேசின் ஒண்டு தாங்கோ”, “மாட்டுக்குத் தண்ணி வைக்கிற வாளி இருக்கோ” என்றுதான் கேட்பார்கள். பாவிக்கிறவன் வைக்கிறதுதான் பேர். செய்தவன் என்ன நினைத்தான் என்பது அவனோடு போகட்டும்.

“உங்கடை மேசை உங்களுக்கே இருக்கட்டும், மாஸ்ரர்” என்று சொல்லி ஆளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் நீர்வேலிக்காரர் பின்னால் ஓடிவந்தார். “அண்ணை, உங்கடை கடையிலை என்ரை ஆளுக்கும் இடமிருக்கோ? உந்த மாஸ்ரர் அவருக்கும் புதுத் தலை ஒட்டச் சொல்லுறார்.”

இருக்கிறது என்றேன். ஞாயிறு கடை வாசலில் மேசை போடுகிறோம். கண்ணாடிக் கூடு இல்லை, தொடக்கூடாது என்ற மட்டையும் இல்லை. ஆர் இவர் என்று கேட்டால், சுழியோடி என்பேன். ஆரின்ரை என்று கேட்டால், நிஸாரின்ரை, யாழ்ப்பாணத்து நிஸாரின்ரை என்று பலாலி றோட்டில் பஸ்ஸில் போகிறவனுக்கும் கேட்கச் சொல்லுவேன். ஒருத்தரும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன். இது சத்தியம்.

எப்போதும் உன்ரை மச்சான்,
பாலன்
திருநெல்வேலி