ஓட்டை அட்டையில் மாங்காய்

12-6-1979, செவ்வாய்

ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து அட்டை வாங்கப் பள்ளியில் பணமில்லை. சேவூரில் தறி நெய்யும் அம்மா ஒருவரிடம் பழைய டிசைன் அட்டைகளைக் கேட்டேன்; சேலையில் பூ, மாங்காய் உருவம் விழத் தறியின் மேல் வரிசையாகக் கோத்து மாட்டும் ஓட்டை போட்ட அட்டைகள். "சும்மாதான் கெடக்குது, எடுத்துகினு போங்க டீச்சர்" என்றார்.

இன்று அவற்றில் எழுத்துகளை எழுதி ஜன்னலில் தொங்கவிட்டேன். வெயில் ஏறியதும் அட்டையின் ஓட்டைகள்தான் மின்னின, எழுத்து தெரியவில்லை. தரையெல்லாம் ஒளிப்புள்ளிகள் மிதந்தன. ஏமாற்றத்தோடு கழற்றப் போனேன். பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்காத கஸ்தூரி, அந்த அம்மாவின் மகள், வந்து என் புடவையைப் பிடித்தாள்.

"கழட்டாதீங்க டீச்சர். வரிசையா கோத்தா மாங்கா வரும். எங்கம்மா சேலையில வந்துச்சி."

அவ்வளவு கணீரென்ற குரல்! அப்படியே விட்டுவிட்டேன்.

கண்ணை மூடினால் வெளிச்சத்தில் மாங்காய்கள் நீந்துகின்றன. நாளை 'அ' வேண்டாம். 'மா'விலிருந்தே தொடங்கலாம்.