ஈவு வெச்ச பழுப்புத் தண்ணி

நாகலூர்,
ஞாயிறு காலை

ஈவு கண்ணு,

மாதா தயவுல நானும் உங்கப்பாவும் இருக்கோம். நீ போயி இன்னியோட அம்பது நாளாச்சு. சின்னக் காய்ச்சல்தாம்மான்னு போன்ல சொன்னே, அதோட சரி. எந்த விலாசத்துக்கு அனுப்பறதுன்னு தெரியாமத்தான் எழுதறேன். அஞ்சாவது படிச்ச கை. தப்பு இருந்தா சிரிக்காதே.

இங்க மழை விட்டு விட்டுப் பெய்யுது. அப்பா இன்னும் எஸ்டேட்டுக்குப் போகலே. கணக்கெழுதற ரைட்டர் ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டாரு. கட்டிலை விட்டு எந்திரிச்சாத்தானே.

உங்கிட்ட ஒண்ணு ஒத்துக்கணும் சாமி. உன் சேலத்து ரூம்ல இருந்த மீன் தொட்டிய, கலர் மீன் கடை ரஹீம் பாய் தன் வண்டியில ஏத்திட்டு வந்து நம்ம ஊட்டுல வெச்சுக் குடுத்தாரு. ஹீட்டர் மாட்டி, என்னென்னமோ சொல்லிட்டுப் போனாரு. அழுத அழுகையில எதுவும் காதுல ஏறலே. அந்த மீனுக்கு நீ சொல்ற பேரும் என் வாயில நுழையாது. ஒரு ஆம்பள, ரெண்டு பொம்பள, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உனக்கு வெச்ச முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள் உங்க ராணி அத்தை வந்தா. என்ன அண்ணி, சாமியார் வர்ற ஊட்டுல நடுவால சாக்கடைய வெச்சிருக்கீங்களேன்னா. எனக்கும் அப்படித்தான் பட்டுது. தண்ணி டீ மாதிரி பழுப்பு, அடியில பூரா ஊறின இலை. பாக்க ஆளில்லாம கெட்டுப் போச்சுன்னு நெனச்சு, எல்லாத்தையும் வாரிக் கொட்டி, கண்ணாடியத் தேய்ச்சு, குழாத்தண்ணி புடிச்சு விட்டேன். பளபளன்னு இருந்துச்சு. மறுநாள் பூசை முடிஞ்சு வந்து பாத்தா ஒரு பொம்பள மீனு செத்து மிதக்குது. மத்த ரெண்டும் வெளுத்துப் போயி மூலையில ஒட்டிக்கிச்சு.

ரஹீம் பாய்க்குப் போன் போட்டு அழுதேன். அக்கா, அது அழுக்கு இல்லக்கா, அதுங்க பொறந்த ஆறே அந்த நெறந்தான், ஈவ்லின் பாதாம் இலை போட்டுப் போட்டு ஆக்கி வெச்ச தண்ணிக்கா அதுன்னாரு. உன் கைப்பாட்டை நானே சாக்கடையில ஊத்திட்டேன்.

கேட்டுக்கிட்டிருந்த அப்பா கட்டிலை விட்டு எந்திரிச்சாரு. சட்டையப் போட்டுக்கிட்டு பஸ் ஏறி அடிவாரம் போயி, ஒரு சாக்கு நெறைய காஞ்ச பாதாம் இலை பொறுக்கிட்டு வந்தாரு. மழைத்தண்ணி புடிச்சு இலைய ஊற வெச்சு, தெனம் ஒவ்வொரு சொம்பா மாத்தினோம். ஒரு வாரத்துல பழையபடி நெறம் வந்துச்சு. மீனும் மேய ஆரம்பிச்சுது.

இப்ப என்னான்னா, பொம்பள மீனு மஞ்சளா மாறி, தொட்டியில கவுத்து வெச்ச கொட்டாங்குச்சிக்குள்ளாறயே கெடந்தா. இன்னிக்கு விடிஞ்சு பாத்தா அவளைச் சுத்தித் தூசியாட்டம் குஞ்சுக. நொம்பப் பொடிசு. முப்பது இருக்கும். ஆம்பள கிட்ட வந்தா வெரட்டி வெரட்டிக் கடிக்கறா. துடுப்பெல்லாம் கிழிஞ்சு ஹீட்டருக்குப் பின்னால ஒண்டிக்கிட்டு நிக்கறான். தொட்டி சின்னது, அவனை உடனே வேற பாத்திரத்துக்கு மாத்துங்க, இல்லீன்னா கொன்னு போட்டுருவாங்கறாரு ரஹீம் பாய். அப்பா வலைய எடுக்க உடமாட்டேங்கறாரு. அவனும் பெத்தவந்தான்டி, தள்ளி நின்னாவது புள்ளைகளப் பாத்துக்கட்டுமேங்கறாரு. சொல்லிட்டு அந்தாண்ட திரும்பிக்கிட்டாரு.

மாதா உன்னை மடியில வெச்சுக்கட்டும். உன் அம்மா செல்வமேரி எழுதினது. வலை என் கையிலதான் இருக்கு. அவனை எடுக்கட்டுமா, விட்டுடட்டுமா கண்ணு?