கேன்சல் ஆன நம்பர்

வேலாயி, நீ கத்துனா ஒடனே வேலைய விட்டுட்டு நம்ம வீட்டுக்கு, ஹுன்னஸ்கிரியாவுக்கு வந்துருவேனா? எனக்குக் கண்ணுதான்டி போச்சு, வாய் போகல. ஒன் மூட்டுவலி எப்பிடி?

இங்க கண்டி ஆஸ்பத்திரியில, போன் எடுக்குற எனக்குக் கம்ப்யூட்டரப் படிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர மாத்திட்டாங்க. பழசுல யாரோ எழுதி வச்ச ஸ்கிரிப்ட், அதான் சின்ன புரோகிராம், டாக்டரப் பாக்கக் குடுக்குற நம்பர்ல கேன்சல் ஆனதச் சொல்லாமத் தாண்டிரும். அது எனக்கே தெரியாது. புதுசுக்கு அந்த ஸ்கிரிப்ட் புரியல, எல்லாத்தையும் படிக்குது. நானும் ‘நம்பர் இருக்கு, வாங்க’ன்னு மூணு பேர வரவச்சிட்டேன். ஒருத்தர் காய்ச்சலோட வந்து திரும்பிப் போனாரு.

இப்ப இங்க கம்ப்யூட்டர் பாக்குற புள்ள யசோதினி அத புதுசுக்கு எழுதியிருக்கு. பழசு என்னென்ன சொல்லும்னு நான்தான் ஒப்பிச்சேன். பத்து மணிக்கு மெனேஜர் பாப்பாரு. தப்பாப் படிச்சா என் எடத்துக்கு வேற ஆளு, நான் வீட்டுக்கு. ஒனக்குக் கொண்டாட்டம்தான்!

புது மெசினுக்குத் திட்டத் தெரியல. நீ நல்லாத் திட்டி வாய்ஸ் ஒன்னு அனுப்பு.

யசோதினி போனப் புடிச்சிருக்கு, நான் பேசப் பேச போனே எழுதுது.

“அங்கிள், மெனேஜர் வந்துட்டாரு. ஏன் ஹெட்போன இப்பிடிக் கழட்டிக் கழட்டி மாட்டுறீங்க, பயமா?”

அடப்பாவி, அதையும் எழுதிருச்சா? வேலாயிக்குப் போறதுக்குள்ள அழிச்சிரும்மா. யசோதினி? எந்திரிச்சுப் போயிட்டியா?