கொட்டுவதும் ஊற்றுவதும்

டீச்சர்,

இன்று காலை பள்ளிக்கூடத்து பீரோவின் கீழ்த்தட்டைக் குடைந்துகொண்டிருந்தேன். திடப்பொருள், திரவப்பொருள் பாடம் வந்துவிட்டது. அதற்கு டம்ளர் தேடினேன். பழைய வரைபடங்களுக்குப் பின்னால் நீங்கள் வைத்துவிட்டுப் போன மூன்று கண்ணாடி டம்ளர்களும் அப்படியே இருந்தன. ஒன்றில் கூழாங்கற்கள். ஒன்றில் தண்ணீர் இருந்த அடையாளமாக ஒரு வெள்ளைக் கோடு மட்டும். மூன்றாவதில் நெல், அந்துப்பூச்சி தின்றது போக மிச்சம். அந்த மக்கிய உமி வாசனை மூக்கில் ஏறியது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வாசனை வந்துச்சுன்னா அந்தப் பொருளே கொஞ்சம் மூக்குக்குள்ள வந்துட்டுதுன்னு அர்த்தம்" என்று பிள்ளைகளிடம் சொல்வீர்கள். மீன்காரரின் பெட்டியிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து உருக்கி, அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிக் காட்டினீர்களே, அன்று சொன்னது அது. கூடம் முழுக்க மத்தி நாற்றம். பீரோவுக்கு இந்தப் பக்கம் நாலு, ஐந்தாம் வகுப்புகளை வைத்துக்கொண்டிருந்த நான், இது அறிவியலா மீன்குழம்பா என்று கேட்டேன். இரண்டு பேர் நடத்தும் பள்ளிக்கூடத்தில், ஒரே கூடத்தை பீரோவால் தடுத்துக்கொண்டு, இத்தனை வருடம் ஒருவர் பாடத்தை மற்றவர் கேட்டபடியே இருந்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. நீங்களும் டீச்சர், நானும் டீச்சர்.

எதைக் கேட்டாலும் பிள்ளைகளுக்கு உங்கள் பதில் ஒன்றுதான். "கையில எடுத்துட்டுப் பேசு." எனக்கு அது எரிச்சலாக இருக்கும். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று உங்களிடமே கேட்டிருக்கிறேன். சிரிப்பீர்கள்.

போன ஐப்பசியில், குறுவை அறுவடை நேரத்தில், இந்த மூன்று டம்ளர்களையும் மேசைமேல் வைத்தீர்கள். கல் எங்கே போட்டாலும் கல்லாகவே இருக்கும், அது திடம். தண்ணீர் எதில் ஊற்றினாலும் அதன் உருவத்தை எடுத்துக்கொள்ளும், அது திரவம். மூன்றாம் வகுப்பு தர்ஷினி எழுந்து, அப்படியானால் நெல்லும் திரவம்தான் என்றாள். அளக்கிற மரக்காலில் போட்டால் மரக்கால் மாதிரி, சாக்கில் போட்டால் சாக்கு மாதிரி இருக்கிறதே என்றாள். இந்த ஊர்ப் பிள்ளைக்குத்தான் அப்படித் தோன்றும்.

"நெல்ல ஊத்துறோம்னா சொல்றோம்? கொட்டுறோம்னுதானே சொல்றோம்" என்று மடக்கப் பார்த்தீர்கள்.

"தண்ணி கொட்டிடுச்சுன்னும் சொல்றோமே டீச்சர்" என்றாள் அவள்.

பீரோவுக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் தோற்றுப்போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "நாளைக்குச் சொல்றேன்" என்று முடித்தீர்கள். சாப்பிடும்போது என்னிடம், அவள் சொன்னதில் பாதி சரி என்றீர்கள். மீதிப் பாதி என்ன என்று நான் கேட்கவில்லை. எப்படியும் நாளைக்குக் காதில் விழப்போகிறது.

அன்று சாயந்தரம் நீங்கள் வண்டியில் வீடு திரும்பும்போது, மதகுத் திருப்பத்தில் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. எதிரே பேருந்து வந்ததும் ஒதுங்கியிருக்கிறீர்கள். நெல்லில் ஏறிய வண்டி வழுக்கிவிட்டது. ஹெல்மெட் இருக்கைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. கழுத்து வலிக்கிறது என்று ஒரு சாக்கு வைத்திருந்தீர்கள். அதற்காக உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை டீச்சர். எதையும் கையில் எடுத்துப் பார்க்காமல் நம்பாதவர், அதைத் தலையில் எடுத்து வைத்திருக்கக் கூடாதா?

நான் ஓடிவந்தபோது உங்களை ஏற்றிப் போய்விட்டார்கள். ரோட்டில் ஒரு மணி நெல் இல்லை. விசேஷ வீட்டு வாசல் போலக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்று மூடி இல்லாமலே மூடிக்கொண்டது. யார் வீட்டு நெல் என்று ஒருவரும் பேசவில்லை. அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். காய வைக்கக் களம் கிடையாது. மழை விட்டால் முதலில் காய்கிற தரை தார்ரோடு ஒன்றுதான்.

மறுநாள் உங்களை வீட்டில் கிடத்தியிருந்தபோது, தலைமுடியைச் சரிசெய்யச் சொன்னார்கள். பின்னலுக்குள் ஒரு நெல் இருந்தது. எறிய மனம் வராமல் பர்ஸில் போட்டுக்கொண்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. பீரோவைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லா வகுப்பையும் நானே பார்க்கிறேன். இன்று கல்லையும் தண்ணீரையும் வைத்துப் பாடம் நடத்தினேன். நெல் டம்ளரை மேசைக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். தர்ஷினி இப்போது நாலாம் வகுப்பு. அந்த வாயாடி ஒரு வருடமாகக் கேட்டால்தான் பேசுகிறாள். இன்று அவளாகவே எழுந்தாள்.

"நெல்லு திரவம்தான் டீச்சர். அதனாலதான் வண்டி வழுக்கிடுச்சு."

எனக்குப் புத்தகத்தில் இருப்பது எதுவும் நினைவுக்கு வரவில்லை. டம்ளரை எடுத்து, ஒரே ஒரு நெல்லை அவள் உள்ளங்கையில் வைத்து, "கையில எடுத்துட்டுப் பேசு" என்றேன். நகத்தால் அழுத்திப் பார்த்தாள். கையைக் குவித்தாள், விரித்தாள். நெல் நெல்லாகவே கிடந்தது. இது திடம்தான் என்று ஒப்புக்கொண்டாள். தனியாக இருந்தால் ஒவ்வொரு நெல்லும் கல் மாதிரிதான், நிறையச் சேர்ந்தால்தான் ஓடும், வழுக்கும் என்று சொன்னேன். நீங்கள் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இதுவாகத்தான் இருக்க வேண்டும். பாடம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் உட்காரவில்லை.

"அன்னிக்கு எங்க நெல்லும் ரோட்டுல கெடந்துச்சு. எல்லார் வீட்டு நெல்லும் கெடந்துச்சு. எந்த நெல்லு டீச்சர் வழுக்குச்சு?"

ஒரு வருடமாக ஊர் வாய் திறந்து கேட்காத கேள்வியை அந்தக் குழந்தை தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் வீட்டு நெல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாதே. என் பர்ஸில் இருப்பதுகூட யார் வீட்டு நெல் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது.

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஆனால் நான் கிளம்பும்போது வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, நான் ஹெல்மெட் மாட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. மதகுத் திருப்பத்தில் இன்றும் நெல் காய்கிறது. வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன்; காலையிலும் அப்படித்தான் போவேன். பதில் இருக்கிறதோ இல்லையோ, நாளைக்கு நான் போய்ச் சேர வேண்டும் டீச்சர்.