அந்த மாத்திரை எதற்கென்றால்

கம்போங் ராஜா
14.8.1985

அன்புள்ள மகள் நவமணிக்கு அம்மா எழுதச் சொல்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க மாரியாத்தாளை வேண்டுகிறேன். இங்கே மழை விடவில்லை, கோலா தெர்லா சித்தப்பா தோட்டத்தில் கோஸ் எல்லாம் அழுகிப் போயிற்று. உன் கடிதம் வந்தது, உன் தங்கச்சி மணியம்மாதான் எனக்குப் படித்துக் காட்டினாள். அப்பா போய் நாலு வருஷமாகிறது, அம்மா எதற்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடுகிறாள், பேச்சு ஜொகூர் வரைக்கும் வந்துவிட்டது என்று நீ எழுதியிருந்த இடத்தில் பிள்ளை கடிதத்தை மடிக்கப் பார்த்தாள். நான்தான் மேலே படி என்றேன். உன்மேல் கோபமில்லை, நான் மறைத்ததால் வந்தது.

போன வருஷம் ஈப்போவில் எனக்கு நடந்தது வயிற்று ஆபரேஷன் இல்லை. இடது மாரில் கட்டி, மாரையே எடுத்துவிட்டார்கள். இதை எழுதத் தங்கச்சி கூசுகிறாள், எழுது என்கிறேன். லயத்து வீடுகளில் சொல்ல வெட்கப்பட்டு ரவிக்கைக்குள் பழந்துணி சுருட்டி வைத்துக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறேன். பெண்களுக்கு உடம்பில் ஊறும் ஹார்மோனால் வளர்கிற கட்டியாம் அது, சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். அந்த ஊட்டம் கிடைக்காமல் தடுக்கத்தான் தினம் மாத்திரை, இன்னும் சில வருஷம் சாப்பிட வேண்டுமாம். உப்புக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் செல்லம்மா மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, தோட்டத்து நர்ஸ் பெண்களுக்குக் கொடுக்கிற குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்று நினைத்துக்கொண்டாள். காலையில் பேர் கூப்பிடும் இடத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டி, பாஞ்சாலைக்கு இனிமே என்னா பயம்லா, மாத்திரதான் இருக்கே என்று சிரித்தாள்.

அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன். தானா ராத்தா டாக்டரிடம் போய், முட்டைப்பையை எடுத்தாலும் அந்த ஹார்மோன் நின்றுவிடும் என்றார்களே, அதையே செய்துவிடுங்கள், வெளியே தெரியாது என்றேன். நான் சொன்னதைத் தங்கச்சி தலையைக் குனிந்தபடி அவரிடம் மலாயில் சொன்னாள். அதுவும் ஒரு வழிதான், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்து இன்னொரு முறை உடம்பை அறுத்துக்கொள்வதா, மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பலாம், யோசித்து வியாழக்கிழமை வா என்றார் டாக்டர். தங்கச்சி அதையெல்லாம் எனக்குத் தமிழில் சொல்லி முடித்து, அப்பாவும் இல்ல, நீயும் போயிட்டா நான் எங்கம்மா போவேன் என்று தானாகச் சேர்த்துக்கொண்டாள். இதை எழுதவேண்டாம் என்கிறாள்.

நேற்றுச் செல்லம்மாவைக் குளிக்கும் அறைக்குள் கூட்டிப்போய் ரவிக்கையை அவிழ்த்துக் காட்டினேன். சொல்லிருக்கலாம்லக்கா என்று அழுதாள். வெளியே வந்து அவள் கொடுத்த தண்ணீரிலேயே மாத்திரையை விழுங்கினேன். இனி மாத்திரையே போதும், ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிடுவேன்.

குளிக்கும்போது நீயும் மாரைத் தடவிப் பார். ஏதாவது தட்டுப்பட்டால் என்னைப்போல் மூடி வைக்காமல் டாக்டரிடம் போ. மாப்பிள்ளையிடம் விஷயத்தை நீயே சொல்லிவிடு. தெரிந்த பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நாளாகும், அதனால் தீபாவளிக்கு நீயும் குழந்தையும் மட்டும் வாருங்கள். நூறு வயது நன்றாக இருங்கள்.

உன் அம்மா
பாஞ்சாலை
எழுதியது தங்கை மணியம்மா